என் பேரில் வைத்த சேனை

1

போடியில் என் சொந்தக்காரர்களைக் கேட்டால், நான் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன் என்று சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து மடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்கு உடம்பு சரியில்லை என்றால்தான் நான் டாக்டரையே பார்ப்பேன். இதையெல்லாம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. விளக்க வாயைத் திறக்க வேண்டுமே. கல்யாணத்துக்கு முன் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போவேன். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் பேச, என் பக்கத்திலிருந்து முறம் தட்டுகிற சத்தம் மட்டும்தான் வருமாம். அப்படிக் கேலி செய்வார்கள். அதற்கும் நான் பதில் சொன்னதில்லை.

போன வாரம் சலவைக்கு வந்த மூட்டையில் குறைமாதக் குழந்தைகளுக்குப் போடுகிற தொப்பி ஒன்று கிடந்தது. சாத்துக்குடிப் பழத்துக்குப் போட்டால் சரியாக இருக்கும். அதை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, சூப்பர்வைசர் பெண் வந்து தோளைத் தொட்டாள்.

அந்த அளவுத் தலையோடு போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அதை ஒட்டி நடந்ததைத்தான் எழுதுகிறேன். பேச வராதவளுக்கு எழுதுவது கொஞ்சம் சுலபம்.

2

என் அண்ணன் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை செய்கிறார். கவிதா அவருடைய ஒரே மகள். அவள் புருஷன் செந்தில், போடியிலிருந்து மெட்டுக்கு மேலே எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறான். கவிதாவுக்குப் பிரசவ நாள் இன்னும் தள்ளி இருந்தது. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்ததும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"பாப்பா, கவிதாவுக்குப் பிள்ள பிறந்துருச்சு. பொட்டப்பிள்ள."

"நாள் இருக்கேண்ணே?"

"அதான் ஆத்தா. திடீர்னு பிரஷர் ஏறிருச்சு, ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாக. எடை ஒரு கிலோவும் சொச்சமும்தான். நம்ம ஸ்டோர்ல சாம்பிளுக்குக் காய் கட்டி வைப்போமே, அந்தப் பொட்டணம் மாதிரி இருக்கு. தொடவே பயமா இருக்கு."

போடியிலிருந்து அவர்களை மதுரைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் அந்தப் பேச்சு வந்தது. எடை குறைந்து பிறக்கிற பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறாமல் தடுக்க ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், உங்கள் பிள்ளையைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீதான ஆஸ்பத்திரில இருக்க. போடலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லு" என்றார் அண்ணன்.

சொல்ல எனக்கு என்ன தெரியும்? "அங்க யாராவது வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட போனைக் குடுண்ணே" என்றேன். லிஸி சிஸ்டர் என்பவர் பேசினார். அந்தச் சோதனையைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவர்தான். குமுளிப் பக்கத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

"சேச்சி, பிள்ளை வயித்துல இருக்கும்போது, கடைசி மாசங்கள்லதான் அம்மாகிட்ட இருந்து நோயைத் தடுக்கிற சத்து பிள்ளைக்கு நிறையப் போகும். ஆன்டிபாடின்னு சொல்வோம். இவ முன்னாடியே வந்துட்டா, அது பத்தாது. கிருமியைப் பிடிச்சு நிறுத்துற அந்த ஆன்டிபாடியை வெளிய தயார் பண்ணி நரம்பு வழியாக் குடுத்தா நோய் வராம இருக்குமான்னு பாக்குறோம். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்புத்தண்ணி. எந்தக் குப்பி யாருக்குன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேண்டாம்னா வேண்டாம். நாளைக்கு வேண்டாம்னு தோணுனாலும் விலகிக்கலாம். மற்ற வைத்தியம் ஒண்ணும் குறையாது, கேட்டோ."

அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு பழக்கம். புரிந்தாலும் சரி, புரியாவிட்டாலும் சரி, தலையை ஆட்டிவிடுவது. அது தாய்மொழிக்கும் தொற்றிக்கொண்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

3

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது செந்தில் கூப்பிட்டான். நேற்றெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அன்று ஒரு நடைக்காக மலையேறியிருந்தான்.

"சின்னம்மா, கேக்குதா? போடிமெட்டுல நிக்கிறேன். வெரசாப் பேசிருவோம், இறங்க ஆரம்பிச்சா டவர் போயிரும்."

பின்னால் ஒரு பெண் குரல், "என்னப்பு, நிறைய ஆளை உக்காத்தி வச்சுட்டு யார்கிட்ட கொஞ்சிக்கிட்டு இருக்க?" என்று அதட்டியது.

"ஏ ஆத்தா, சும்மா இரு, லண்டன் லைன்ல இருக்கு!" என்று கத்திவிட்டு அவன் என்னிடம் குரலைத் தாழ்த்தினான். நான் இருப்பது லண்டன் இல்லை. அவனுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

"சின்னம்மா, எஸ்டேட்டுல புது மருந்து வந்தா பாதி ஏலத்துக்கு அடிச்சுட்டு மீதிப் பாதியச் சும்மா விட்டுருவாக. எந்தப் பாதில காய் அழுகுது, எந்தப் பாதி தப்பிக்குதுன்னு பாக்க. அது செடி, போனாப் போகுது. இது என் பிள்ளைல்ல? அடிக்காத பாதில இவ நின்னுட்டா?"

"அதை அந்த சிஸ்டர்ட்டயே கேளுப்பா" என்றேன்.

கேட்டிருக்கிறான். சாயங்காலம் அண்ணன் சொன்னார். அதற்கு லிஸி சிஸ்டர், "தம்பி, எந்தப் பாதி நல்ல பாதின்னு எங்களுக்கே தெரிஞ்சிருந்தா இந்தச் சோதனையே தேவையில்ல. மருந்து உதவுதா, ஒண்ணும் செய்யலையா, கெடுதல் ஏதும் வருதா, அதைத்தான் பாக்குறோம்" என்றாராம். செந்தில் வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டானாம். ஆபரேஷன் வலியோடு படுத்திருந்த கவிதாவும் படித்துப் பார்த்துப் போட்டாள்.

மாப்பிள்ளைக்கு ஏலச்செடியை வைத்தாவது ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தது. எனக்கு அதுவும் வரவில்லை. அன்றைக்கு வேலையில் படுக்கை விரிப்புகளைத் தலைகீழாக மடித்து, எல்லாவற்றையும் திரும்பப் பிரித்தேன்.

4

செந்திலின் அம்மா ராசாத்தி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் தோட்ட வேலை பார்த்தே செந்திலை ஆளாக்கியவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கவிதா எழுந்து நடக்கிறவரை பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்க ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல, அக்கா குளித்து, கை கழுவி, கவுன் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பாராம். "ஆட்டுக்குட்டிய மடில போட்டுக் காப்பாத்துனவ, பேத்தியக் காப்பாத்த மாட்டேனா?" என்று சொன்னாராம்.

குப்பியிலிருந்த மருந்து, அல்லது உப்புத்தண்ணீர், பிள்ளைக்கு ஏற்றிய இரண்டாம் நாள் அக்கா எனக்கு வீடியோ கால் போட்டார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கவுனுக்குள் மறைத்து எடுத்துப் போயிருக்கிறார். நான் சமையல் கட்டில் இருந்தேன்.

"தங்கச்சி, பேத்தியப் பாரு."

தொப்பிக்குக் கீழே ஒரு சிவந்த முகம். மூக்கில் சின்னக் குழாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒன் வெரல இந்தப் போன் மேல வையி. ஆமா, அப்படித்தான். பிள்ள வாய்ப் பக்கம் வையி."

கொஞ்சச் சொல்கிறார் என்று நினைத்து ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தேன். அந்தப் பக்கம் அக்காவின் விரல் வந்தது. அது பளபளவென்று ஈரமாக இருந்தது. பிள்ளையின் உதட்டைத் திறந்து நாக்கில் தடவியது.

"என்னக்கா அது?"

"தேனு. மேல எஸ்டேட்ல இருந்து வந்தது, சுத்தமானது. ஒன் பேர்ல சேனை வச்சாச்சு."

பிள்ளை பிறந்ததும் நல்லவர், கெட்டிக்காரர் என்று பார்த்து ஒருவரைக் கொண்டு நாக்கில் இனிப்புத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் யார் சேனை வைப்பது என்று சண்டையே நடக்கும்.

"நாங்க பாரு, காட்டுல கெடந்து சாகுறோம். நீ கடல் தாண்டிப் போய்ட்ட. அதான் ஒன் குணம் வரட்டும்னு. யாருகிட்டயும் சொல்லிராத, அந்த சிஸ்டர் வையும்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் திரையில் என் விரல் ரேகை படிந்திருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கவிதாவை ஒவ்வொரு முறையும் யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டும். சேனை என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

"எனக்கு யார் வச்சாங்க?" என்றாள், அதுவும் இங்கிலீஷில்தான்.

"யாரும் வைக்கல. இங்க நமக்கு யாரு இருந்தா?"

"அதான் நான் யார் மாதிரியும் இல்ல" என்று சிரித்தாள். பிறகு போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு அவள் முகம் மாறியது. "அம்மா, அவ்வளவு சின்ன பேபிக்கு தேன் குடுக்கவே கூடாது, அதுல கிருமி இருக்கலாமாம். உடனே சொல்லிடுங்க."

சொல்லிவிடலாம்தான். யாரிடம் சொல்வது? சொன்னால் ராசாத்தி அக்காவை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைக்குச் சூடு கொடுக்க வேறு ஆள் இல்லை. சம்பந்தி வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேர் எனக்கு வரும், அதைச் சுமக்கப்போவது கவிதா. சோதனையிலிருந்து பிள்ளையை நீக்கிவிட்டால்? ஒரு துளிதானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். வேலை நடக்கிற இடத்தில் போன் வைத்திருக்கக் கூடாது, பெட்டியில் பூட்டிவிட வேண்டும். இடைவேளையில் திறந்தால் அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது.

"தங்கச்சி, சேனை பலிச்சிருச்சு! பிள்ள காலைல இருந்து சத்தமே இல்ல. அப்படியே ஒன் குணம். நேத்து வரைக்கும் கீச்சு கீச்சுன்னு கத்துனா. இன்னைக்குப் பாலாடைல பால் குடுத்தாக்கூட வேணாம்னு தூங்குறா. சமத்து."

அந்தச் சந்தோஷக் குரலை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் கத்திக்கொண்டிருந்த பிள்ளை கத்தாமல் போனால், பால் வேண்டாம் என்றால், அது சமத்து இல்லை என்று எந்தத் தாய்க்கும் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். சேனை பலித்த சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

இடைவேளை முடியப் போகிற நேரம். சூப்பர்வைசரிடம் போய் அவசரம், போன் பேச வேண்டும் என்றேன். யாருக்கு என்ன என்றாள். பேத்தி என்றேன். உனக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள்தானே, பேத்தி எப்படி என்றாள். அண்ணன் மகளின் மகள் என்றேன். நெருங்கிய உறவுக்குத்தான் அனுமதி, விதியில் இது வராதே என்று இழுத்தாள். அவளுடைய மொழியில் அந்தப் பிள்ளை எனக்குத் தூரத்து உறவு. வாக்குவாதம் செய்ய என்னிடம் இங்கிலீஷ் இல்லை. "பேபி சிக்" என்று சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் வெளியே நடந்தேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

லாரிகள் நிற்கிற இடத்தில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சிஸ்டர்கிட்ட தேன் வச்சதைச் சொல்லணும். பிள்ள சத்தம் போடாதது நல்லதுக்கில்ல."

"என்னடி பேசுற? நான் பெத்த நாலுக்கும் சேனை வச்சுத்தான் வளத்தேன்."

நாலில் இரண்டுதான் தங்கியது என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். அக்காவே சொன்னார்.

"மூணாவதும் இப்படித்தான். பால் குடிக்காம தூங்குச்சு. எதுனாலன்னு அப்ப யாரு பாத்தா... தங்கச்சி, நான்தான் வச்சேன்னு சொன்னா என்னைய உள்ள விடமாட்டாகடி. செந்திலு என் மூஞ்சில முழிக்க மாட்டான்."

அப்போது என் வாயில் எப்படி அது வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "நீங்க எங்க வச்சீங்க அக்கா? என் பேர்லதான வச்சீங்க. வெரல் வச்சது நான். சேனை வச்சது நான்தான். போனை சிஸ்டர்கிட்ட குடுங்க, நான் சொல்லிக்கிறேன்."

அக்கா ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு லிஸி சிஸ்டர்.

"சிஸ்டர், நேத்து பிள்ளை நாக்குல தேன் வச்சாச்சு. நான்தான் வச்சேன்."

"நீங்களா? நீங்க இங்கிலாந்துல அல்லே?"

"ஆமாங்க. போன்ல வச்சேன்."

பைத்தியம் என்று நினைத்திருப்பார். நான் விடாமல், நிறுத்தினால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்து, சேனை, தேன், விரல், இன்று காலையிலிருந்து சத்தமில்லை, பால் குடிக்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "அக்காவை வெளிய அனுப்பிராதீங்க. அவங்க சூடு இல்லாம பிள்ள தாங்காது. சோதனைல இருந்து எடுத்துருவீங்களா?"

"சேச்சி, நிறுத்துங்க. எடுக்க மாட்டோம். எழுதி வச்சுக்கணும், அவ்வளவுதான். இப்ப நான் பிள்ளையப் பாக்கணும்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

6

ரத்தம் எடுத்தார்கள். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்துச் சொல்ல நாளாகும் என்றார்கள். அதுவரை காத்திருக்காமல் அன்றைக்கே கிருமிக்கான மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளையை மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டதால் அக்காவுக்கு உள்ளே வேலையில்லாமல் போயிற்று. வராந்தாவில் செந்தில் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்ததாக அண்ணன் சொன்னார். சேனை விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு வச்சதாம்?" என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறான்.

"ஒன் சின்னம்மாதான். போன்லயே வச்சுட்டாளாம்."

செந்தில் தன் அம்மாவின் விரலைப் பார்த்தானாம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் ஒரு டீ வாங்கி வந்து அக்கா பக்கத்தில் வைத்தானாம்.

அந்த நாட்களில் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று நினைவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "கவிதா அக்கா பாப்பா எப்படி இருக்கு?" என்று தமிழில் கேட்டாள். யாரென்று நான் சொல்லாமலே.

ரத்தத்தில் கிருமி வளரவில்லை என்று கடைசியில் சொன்னார்கள். பிள்ளை மெல்லத் தேறியது. தேனால்தான் அப்படி ஆனதா, குறைமாதப் பிள்ளைக்குத் தானாகவே வருகிற சோர்வா, கேட்டதற்கு டாக்டரம்மா தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாராம். பிள்ளையைக் காப்பாற்றியது அந்தக் குப்பியா, பிறகு கொடுத்த மருந்தா என்பதும் தெரியாது. சோதனையில் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து முடிக்கிறவரை குப்பியின் ரகசியத்தை உடைக்க மாட்டார்கள். இன்னும் முடியவில்லை.

"உப்புத்தண்ணியா இருந்தா என்ன, மருந்தா இருந்தா என்ன, பிள்ள இருக்குல்ல" என்கிறார் அண்ணன். செந்திலுக்கு அப்படி விட முடியவில்லை. எந்தப் பாதியில் நின்றாள் என்று தெரிய வேண்டும் என்கிறான். எனக்கும்தான். அதைவிட, இரண்டு பாதியிலும் கிடந்த முகம் தெரியாத மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று சில நாள் தொப்பிகளை மடிக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

பிள்ளை இப்போது சிலமலைக்குப் பக்கத்திலேயே ராசிங்காபுரத்தில், செந்தில் வீட்டில் தவழ்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை உண்டு. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கூப்பிடுவேன். போனை எடுப்பது ராசாத்தி அக்காதான். நலம் விசாரிப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்.

"சத்தம் போடுறாளாக்கா?"

"இப்பத்தான் தூங்குனா."

"எவ்வளவு நேரமா?"

"அடியே, ஒனக்கு என்ன சோலி கெட்டுப்போச்சு, தூங்குற பிள்ளைய எழுப்பச் சொல்றியா?" என்று வைவார். ஆனாலும் எழுந்து போவார். அவருக்கும் அந்தப் பயம் விடவில்லை என்று அந்த நடையிலேயே தெரியும். தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பது கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த நேரத்தில் நான் பஸ் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிறு அக்கா அப்படித் தொட்டில் பக்கத்தில் நின்றபோது பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. "இந்தா, கேட்டுக்க ஒன் குணத்தை!" என்று அக்கா போனை அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறவள் நான். சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் மேல் விரல் தானாகப் போனது. விரலை எடுத்துவிட்டேன். நான் இறங்குகிற இடம் வரும்வரை அவள் அழட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.